புதிதாக வரும் மதிப்புக் கூட்டு வரி: பதிவு, விலை, கணக்கு முறை, எதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒரு நாட்டில் மதிப்புக் கூட்டு வரி (VAT) வரப்போகிறது என்ற அறிவிப்பு வந்ததுமே வணிகர்கள் கேட்பது, “எத்தனை சதவீதம்?” வீதம் உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருக்கும் முடிவுகள் வேறு. பதிவு செய்வதா, பொறுத்திருப்பதா? விலையை ஏற்றுவதா, வரியை நீங்களே சுமப்பதா? பில் போட்ட நாளில் கணக்கெடுப்பதா, பணம் வந்த நாளிலா? சரக்கை இப்போதே வாங்கி வைப்பதா, இருப்பதைத் தீர்ப்பதா? பழைய மென்பொருளைத் திருத்துவதா, புதிது வாங்குவதா?

பெரும்பாலும் இவை எல்லாவற்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: உங்களிடம் வாங்குகிறவர் அந்த வரியைத் திரும்பப் பெறக்கூடியவரா? விற்கும்போது நீங்கள் வசூலிப்பது வெளியீட்டு வரி. வாங்கும்போது நீங்கள் கொடுப்பது உள்ளீட்டு வரி. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து மிச்சத்தைக் கட்டுகிறீர்கள். உங்களிடம் வாங்கும் பதிவுபெற்ற நிறுவனமும் அப்படியே கழித்துக்கொள்கிறது. கடைசியில் வாங்கி அனுபவிப்பவருக்குக் கழிக்க எதுவும் இல்லை. அவருக்கு வரியும் விலையின் ஒரு பகுதிதான்.

ஆகவே எந்த முடிவுக்கும் முன்னால் கடந்த 12 மாத விற்பனை லெட்ஜரை எடுத்து வாடிக்கையாளர்களைப் பிரியுங்கள். பதிவுபெற்ற நிறுவனங்கள் ஒரு பக்கம், நேரடி நுகர்வோர் இன்னொரு பக்கம். நடுவில் ஒரு வகை உண்டு, அதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்: வங்கி, காப்பீடு, பல நாடுகளில் பள்ளியும் மருத்துவமனையும். இவர்கள் விற்பதில் பெரும்பகுதி வரிவிலக்குப் பெற்றது என்பதால் வாங்கும்போது கொடுத்த வரியை இவர்களால் முழுதாகத் திரும்பப் பெற முடியாது. பார்வைக்குப் பெரிய நிறுவனமாக இருந்தாலும் விலை விஷயத்தில் நுகர்வோரைப் போலவே பேரம் பேசுவார்கள்.

பதிவு: இப்போதேவா, வரம்பைத் தாண்டும்போதா?

பொதுவாகச் சட்டம் ஆண்டு விற்பனைக்கு ஒரு கட்டாயப் பதிவு வரம்பையும், சில நாடுகளில் அதற்குக் கீழே ஒரு விருப்பப் பதிவு வரம்பையும் வைக்கும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2018 ஜனவரி 1 அன்று வரி தொடங்கியபோது கட்டாய வரம்பு 3,75,000 திர்ஹாம், விருப்ப வரம்பு அதில் பாதி, அதாவது 1,87,500. கடந்த 12 மாத விற்பனை மட்டுமல்லாமல் அடுத்த 30 நாளில் எதிர்பார்க்கும் விற்பனையும் கணக்கில் வரும். ஒரே ஒரு பெரிய ஆர்டர் உங்களை வரம்புக்கு மேலே தூக்கிவிடலாம். பூஜ்ய வீத ஏற்றுமதியும் வரம்புக் கணக்கில் சேரும் என்பதைக் கவனிக்காமல், “எனக்கு வரியே இல்லை, பதிவு எதற்கு?” என்று இருந்துவிடுவது வழக்கமான தவறு.

வரம்புக்குக் கீழே இருப்பவருக்குத்தான் உண்மையான தெரிவு இருக்கிறது. எண்களில் பார்க்கலாம். வீதம் 10 சதவீதம் என்று வையுங்கள். நீங்கள் 100க்கு விற்கிறீர்கள். வரிக்கு உட்பட்ட கொள்முதல் 60, கூலியும் வரி சேராத மற்ற செலவும் 20, லாபம் 20.

பதிவு செய்யாவிட்டால் கொள்முதல் 66 ஆகிறது. 100க்கே விற்றால் லாபம் 14. பழைய 20 வேண்டுமென்றால் 106க்கு விற்க வேண்டும்.

பதிவு செய்து, வாங்குபவரும் பதிவுபெற்றவர் என்றால், 100 விலை, 10 வரி என்று பில் போடுகிறீர்கள். கொள்முதலில் கொடுத்த 6ஐக் கழித்து 4 கட்டுகிறீர்கள். லாபம் 20 அப்படியே நிற்கிறது. வாங்கியவர் 10ஐத் திரும்பப் பெறுவதால் அவருக்கும் அடக்கம் 100தான். பதிவு செய்யாத நீங்கள் அதே ஆளிடம் 106 கேட்டால், அவர் பதிவுபெற்ற போட்டியாளரிடம் போய்விடுவார்.

வாங்குபவர் நுகர்வோர் என்றால் கதை தலைகீழ். பதிவுபெற்றவர் அதே லாபத்துக்கு 110 கேட்க வேண்டும், பதிவு செய்யாதவருக்கு 106 போதும். விலையை 100இலேயே நிறுத்தினால் பதிவுபெற்றவரின் லாபம் 10.91, பதிவு செய்யாதவருக்கு 14.

முடிவு இதிலிருந்து தானாக வரும். நிறுவனங்களுக்கு விற்பவர் வரம்புக்குக் கீழே இருந்தாலும் பதிவு செய்வது நல்லது. நுகர்வோருக்கு விற்கும் சிறு கடை சட்டம் அனுமதிக்கும்வரை பொறுத்திருக்கலாம். ஏற்றுமதியாளர் தாமதிக்கவே கூடாது. விற்பனையில் வரி பூஜ்யம், கொள்முதல் வரி முழுவதும் ரீஃபண்டாக வரும். கடை தொடங்கி இயந்திரமும் அறைகலனும் வாங்கப்போகிறவருக்கும் அதே அறிவுரை.

விருப்பப் பதிவுக்கும் விலை உண்டு. விற்பனை இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் (வரிக் கணக்கு அறிக்கை) போட வேண்டும், ஆவணங்களை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டும், தேதி தவறினால் அபராதம். மாதம் பத்து பில் போடும் ஒருவருக்கு மீளும் உள்ளீட்டு வரியைவிடக் கணக்காளர் கட்டணம் அதிகமாகிவிட்டால் அது நல்ல தெரிவு அல்ல.

வரம்பைத் தாண்டியும் பதிவு செய்யாமல் இருப்பது ஆபத்தான வழி. பதிவு செய்திருக்க வேண்டிய நாளிலிருந்து வரி கேட்பார்கள். அந்தக் காலத்தில் விற்ற சரக்குக்கு வாடிக்கையாளரிடம் திரும்பப் போய் வரி வசூலிக்க முடியாது. உங்கள் லாபத்திலிருந்துதான் போகும். வரம்புக்குக் கீழே நிற்பதற்காக ஒரே வணிகத்தை இரண்டு பெயரில் பிரிப்பதையும் வரித்துறைகள் அறியும். ஒரே இடம், ஒரே ஊழியர், ஒரே சரக்கு என்றால் இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் அதிகாரம் பல சட்டங்களில் இருக்கிறது.

விலையும் பழைய ஒப்பந்தங்களும்

வரியை முழுவதும் விலைமேல் ஏற்றலாம், முழுவதும் நீங்களே சுமக்கலாம், பாதி பாதியாகப் பிரிக்கலாம். “5 சதவீதம்தானே, நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்பவர் அந்த 5ஐ விற்பனையோடு ஒப்பிடுகிறார். ஒப்பிட வேண்டியது லாபத்தோடு. 100 விற்பனையில் 20 லாபம் வைப்பவர் விலையை ஏற்றாவிட்டால் 4.76 வரியாகப் போகிறது. லாபத்தில் ஏறக்குறைய கால்பங்கு. வீதம் 15 என்றால் 13.04 போகும், 20இல் மிஞ்சுவது 6.96.

வரி சேர்ந்த விலையிலிருந்து வரியைப் பிரிக்கும்போது செய்யும் தவறையும் சொல்லியாக வேண்டும். 105இல் 5 சதவீதம் எடுத்தால் 5.25 வரும், அது தவறு. 105ஐ 21ஆல் வகுத்தால் வரும் 5தான் சரி. 10 சதவீத வீதத்துக்கு 11ஆல் வகுக்க வேண்டும். 15 சதவீதத்துக்கு 3ஆல் பெருக்கி 23ஆல் வகுக்க வேண்டும். கல்லாவில் இருப்பவரின் மேசையில் இந்தக் கணக்கை எழுதி ஒட்டிவையுங்கள்.

நிறுவனங்களுக்கு விற்பவர் முழு வரியையும் மேலே சேர்க்கத் தயங்க வேண்டியதில்லை. திரும்பப் பெறக்கூடிய வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி கொடுப்பது அவர் கேட்காத பரிசு. நுகர்வோருக்கு விற்பவர் பொருளுக்குப் பொருள் பார்க்க வேண்டும். எல்லோரும் விலையை மனப்பாடமாக வைத்திருக்கும் சில பொருள்களில் ஒரு பங்கைச் சுமந்து, மற்றவற்றில் முழுதும் ஏற்றுவது எல்லாவற்றையும் ஒரே அளவில் ஏற்றுவதைவிட நன்றாக நிற்கும். விலைச் சீட்டில் வரி சேர்ந்த விலையைத்தான் போட வேண்டும் என்ற விதி பல நாடுகளில் உண்டு. புதுச் சீட்டு அச்சடிக்கும் முன் அதைப் பாருங்கள்.

ஒப்பந்தங்களில்தான் பெரிய பணம் போகிறது. வரி தொடங்கும் நாளுக்கு முன் கையெழுத்தாகி அதற்குப் பின்னும் ஓடும் ஒப்பந்தத்தில் வரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று வையுங்கள். அமீரகச் சட்டம் அப்படிப்பட்ட ஒப்பந்த விலையை வரி உள்ளடங்கியதாகக் கருதியது. வாங்குபவர் வரியைத் திரும்பப் பெறக்கூடியவராக இருந்தால் மட்டும் மேலே சேர்க்க விதிகளில் வழி இருந்தது. வேறு நாட்டில் விதி வேறாக இருக்கலாம், ஆனால் மௌனமான ஒப்பந்தம் விற்பவருக்கே பாதகம் என்பது பொதுவான நிலை. மூன்று ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், வாடகை, கட்டுமானம் ஆகியவற்றை முதலில் எடுங்கள்.

இங்கே தெரிவு இரண்டு: இப்போதே திருத்தக் கடிதம் அனுப்புவது, அல்லது புதுப்பிக்கும் நாள்வரை பொறுப்பது. இப்போதே அனுப்புங்கள். “இந்த விலை வரி நீங்கலானது, பொருந்தும் வீதத்தில் வரி தனியாகச் சேரும்” என்ற ஒரே வாக்கியம் போதும். வரி தொடங்கிய பிறகு அதே வாக்கியத்துக்கு ஒப்புதல் வாங்குவது பலமடங்கு கடினம். அதில் வீதத்தை எண்ணாக எழுதாமல் “பொருந்தும் வீதம்” என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2018இல் 5 சதவீதத்தில் தொடங்கிய சவூதி அரேபியா 2020 ஜூலை 1 முதல் 15க்கு உயர்த்தியது. 2019இல் 5இல் தொடங்கிய பஹ்ரைன் 2022 ஜனவரி 1 முதல் 10க்குப் போனது. மலேசியாவில் 2015 ஏப்ரலில் 6 சதவீதத்தில் வந்த வரி 2018 ஜூன் 1 முதல் பூஜ்யமாக்கப்பட்டு, அந்த ஆண்டே நீக்கப்பட்டது.

முன்பணம் வாங்கித் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. தொடங்கும் நாளுக்கு முன்பே பில் போட்டுப் பணம் வாங்கியிருந்தாலும், சரக்கு அந்த நாளுக்குப் பின் போனால் வரி உண்டு என்று இடைக்கால விதிகள் எழுதுவது வழக்கம். அமீரகச் சட்டமும் அப்படித்தான் எழுதியது.

பூஜ்ய வீதமும் விலக்கும் ஒன்றல்ல

இது உங்கள் தெரிவு அல்ல, சட்டத்தின் தெரிவு. ஆனால் இதைத் தவறாகப் புரிந்தால் மேலே போட்ட கணக்கு முழுவதும் குலையும். இரண்டிலும் வாடிக்கையாளர் வரி கொடுப்பதில்லை. பூஜ்ய வீதத்தில் விற்பவர் தான் கொடுத்த உள்ளீட்டு வரியை மீட்கலாம். விலக்கில் மீட்க முடியாது, அது செலவாகிவிடும். இரண்டும் கலந்து விற்பவர் வாடகை, மின்சாரம், தணிக்கை போன்ற பொதுச் செலவின் வரியை விகிதப்படி பிரிக்க வேண்டும். விற்பனையில் 70 சதவீதம் வரிக்கு உட்பட்டது, பொதுச் செலவில் கொடுத்த வரி 50,000 என்றால், மீட்கக்கூடியது 35,000. ஒவ்வொரு காலத்துக்கும் விகிதம் மாறுவதால் ஆண்டு முடிவில் திருத்தக் கணக்கும் உண்டு.

பில் நாளா, பணம் வந்த நாளா?

பில் அடிப்படையில் பில் போட்ட காலத்துக்கே வரி கட்ட வேண்டும். பண அடிப்படையில் பணம் கைக்கு வந்த காலத்தில் கட்டினால் போதும், ஆனால் உள்ளீட்டு வரியையும் நீங்கள் சப்ளையருக்குப் பணம் கொடுத்த பிறகே கழிக்கலாம். எல்லா நாடுகளும் இந்தத் தெரிவைத் தருவதில்லை. தருகிற இடத்தில் விற்றுமுதல் வரம்பு இருக்கும். பிரிட்டனில் அது 13.5 லட்சம் பவுண்டு.

90 நாள் கடனில் விற்று 30 நாளில் சப்ளையருக்குக் கொடுப்பவரைப் பாருங்கள். மாத விற்பனை 10,00,000, அதன் மேல் வரி 1,00,000. கொள்முதல் 6,00,000, அதன் மேல் வரி 60,000. மாதாமாதம் ரிட்டர்ன் போட்டு, அடுத்த மாத முடிவுக்குள் 40,000 கட்ட வேண்டும். மார்ச் முடியும்போது ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 2,00,000 உங்கள் கையை விட்டுப் போயிருக்கும். 1,20,000 சப்ளையரிடம், 80,000 அரசிடம். ஜனவரி பில்லின் பணம் ஏப்ரலில்தான் வருகிறது. லாபக் கணக்கில் எந்த நஷ்டமும் தெரியாது, வங்கிக் கணக்கில் மட்டும் இரண்டு லட்சம் குறையும். புதிய வரியில் சிறு நிறுவனங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இவருக்குப் பண அடிப்படை கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். கிடைக்காவிட்டால் கடன் நாள்களைக் குறைப்பது, வேலை முடிந்த உடனே பில் போடாமல் மாதத் தொடக்கத்துக்குப் பில் தேதியை நகர்த்துவது (சட்டம் பில் போடத் தரும் அவகாசத்துக்குள்), வங்கியில் நடைமுறை மூலதன வரம்பை முன்பே கேட்டு வைப்பது ஆகியவை உதவும். பில் தேதியை நகர்த்துவதில் ஒரு எச்சரிக்கை: சரக்கு கைமாறிய நாளையே வரி நாளாக எடுக்கும் சட்டத்தில் அது பயன்படாது.

ரொக்கத்துக்கு விற்றுக் கடனுக்கு வாங்கும் சில்லறைக் கடைக்குப் பில் அடிப்படைதான் நல்லது. விற்ற பணம் அன்றே கல்லாவில் இருக்கிறது, கொள்முதல் வரியைச் சப்ளையருக்குக் கொடுக்கும் முன்பே கழித்துவிடலாம். ஆனால் கல்லாவில் இருக்கும் அந்தப் பணம் முழுவதும் உங்களுடையது அல்ல. வாரத்துக்கு ஒருமுறை வரிப் பங்கைத் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ரிட்டர்ன் நாளில் தேடி அலைய வேண்டியிருக்காது.

வாராக்கடனுக்கு நிவாரணம் பல சட்டங்களில் உண்டு. ஆறு மாதம் கடந்திருக்க வேண்டும், கணக்கில் தள்ளுபடி செய்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும். தள்ளுபடி செய்த தேதிக்குக் காகித ஆதாரம் இல்லாவிட்டால் அது கிடைக்காது.

சிறு வணிகங்களுக்கு மொத்த விற்பனையில் ஒரு நிலையான சதவீதத்தைக் கட்டும் எளிய திட்டமும் சில நாடுகளில் இருக்கிறது. எளிமை கவரும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரிட்டனில் கொள்முதல் மிகக் குறைவாக உள்ளவருக்கு நிலைவீதம் 16.5 சதவீதம், அதுவும் வரி சேர்ந்த விலையில். 100 விலை, 20 வரி, மொத்தம் 120, அதில் 16.5 சதவீதம் 19.80. கையில் மிஞ்சுவது 0.20, அதற்காக உள்ளீட்டு வரியை விட்டுக்கொடுக்கிறீர்கள். இந்தியாவில் இதே வகையான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் பில்லில் வரியைக் காட்டவே முடியாது, அதனால் அவரிடம் வாங்கும் நிறுவனத்துக்குக் கழிக்க எதுவும் இல்லை. மறுபடியும் அதே கேள்விக்குத்தான் வருகிறோம்: வாங்குகிறவர் யார்?

சரக்கு: முன்பா, பின்பா?

வரி வருமுன் கிடங்கை நிரப்பு என்பது பரவலான அறிவுரை. எல்லோருக்கும் அது பொருந்தாது. புத்தம் புதிதாக வரி வருகிற நாட்டில், பதிவு செய்யப்போகிற வணிகத்துக்கு முன்னால் வாங்கினாலும் பின்னால் வாங்கினாலும் முடிவில் ஒன்றுதான், ஏனென்றால் பின்னால் கொடுக்கும் வரி திரும்ப வரும். கிடங்கு வாடகையும் முடங்கும் முதலுமே மிச்சம். பதிவு செய்யாதவருக்கும் விலக்குப் பொருள் விற்பவருக்கும் முன்கூட்டி வாங்குவது உண்மையான சேமிப்பு. இவர்கள் இயந்திரம், வாகனம், கட்டட வேலை போன்ற பெரிய செலவுகளை வரி தொடங்கும் முன்பே முடிப்பது நல்லது.

பழைய விற்பனை வரியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் மதிப்புக் கூட்டு வரி வரும்போது நிலைமை மாறுகிறது. பழைய வரி சரக்கின் அடக்கத்தில் புதைந்து கிடக்கும். புதிய வரியோ கழிக்கக்கூடியது. 2017 ஜூலை 1 அன்று இந்தியாவில் இதே வகையான சரக்கு மற்றும் சேவை வரி தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் விற்பனையாளர்கள் தள்ளுபடி கொடுத்துக் கையிருப்பைக் குறைத்தது இதனால்தான். பழைய வரிக்கு இடைக்காலக் கழிவு கிடைத்தாலும் அதற்கு ஆவணம் வேண்டும். தொடங்கும் நாளின் சரக்குப் பட்டியலும் அதற்குரிய கொள்முதல் பில்களும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பில் இல்லாத சரக்கை முதலில் விற்றுத் தீருங்கள்.

மென்பொருள்

மாதம் 50 பில்லுக்குள் என்றால் விரிதாள் போதும். அதற்கு மேல் போனால் பிழை கூடும். சவூதியில் வரி வந்து நான்கு ஆண்டுக்குள், 2021 டிசம்பர் 4 முதல், கையால் எழுதும் பில்லும் டைப் செய்யும் பில்லும் செல்லாமல் போய் மின்னணு இன்வாய்ஸ் கட்டாயமானது. வரி புதிதாக வரும் நாடுகள் இன்று அந்தத் திசையில் போகின்றன. வாங்கும்போதே மின்னணு இன்வாய்ஸுக்கு வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

பழைய பேக்கேஜ் வரிக் குறியீடுகளைத் தாங்கும் என்றால் அதையே திருத்துவது புதிது வாங்குவதைவிட நல்லது. ஊழியருக்கு ஒரே நேரத்தில் புது வரி, புது மென்பொருள் இரண்டையும் கற்பிப்பது பெரும் சிரமம். தாங்குமா என்று பார்க்க எட்டுக் குறியீடுகளை உருவாக்கிப் பாருங்கள்: வழக்கமான வீத விற்பனை, பூஜ்ய வீத விற்பனை, விலக்கு விற்பனை, வரிச் சட்டத்துக்கு வெளியே உள்ளவை, கழிக்கக்கூடிய கொள்முதல், கழிக்க முடியாத கொள்முதல், இறக்குமதி, ரிவர்ஸ் சார்ஜ் (விற்பவருக்குப் பதில் வாங்குபவரே வரி கட்டுவது). வீதத்தைத் தேதியோடு சேர்த்து மாற்ற முடியுமா, கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் திருத்தும் சீட்டு) மூல பில்லின் எண்ணையும் அதன் வீதத்தையும் எடுத்துக்கொள்கிறதா என்றும் சோதியுங்கள். இவற்றில் ஒன்று முடியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

பைசாவை முழுமையாக்குவது சின்ன விஷயம் போலத் தெரியும். 1.30 விலையுள்ள மூன்று பொருள், வீதம் 5. பொருளுக்குப் பொருள் கணக்கிட்டால் 0.065 என்பது 0.07 ஆகி, மூன்றுக்கும் 0.21. மொத்தம் 3.90க்குக் கணக்கிட்டால் 0.195, அதாவது 0.20. பில்லிங் இயந்திரம் ஒரு முறையிலும் கணக்குப் பேக்கேஜ் மற்றொரு முறையிலும் போட்டால், நாளுக்கு ஆயிரம் பில்லில் இரண்டு கணக்கும் ஒருநாளும் ஒத்துப்போகாது. சட்டம் அனுமதிக்கும் முறையைப் பார்த்து இரண்டிலும் ஒன்றையே வையுங்கள்.

ரிட்டர்னை உள்ளே தயாரிப்பதா, வெளியே கொடுப்பதா என்றால், முதல் இரண்டு ரிட்டர்னை வெளியாள் சரிபார்க்க உள்ளே தயாரிப்பது நல்லது. முழுக்க வெளியே விட்டால், தவறு நடப்பது கொள்முதல் பில்லை வாங்கும் மேசையில் என்பது கண்ணில் படாமலே போகும். ப்ரோஃபார்மா இன்வாய்ஸை (விற்பனைக்கு முன் தரும் உத்தேச பில்) வைத்துக் கழிவு கேட்பது, பில் நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் உரிமையாளர் பெயரில் இருப்பது, சப்ளையரின் வரி எண் இல்லாதது, பதிவு செய்யாத சப்ளையர் போட்ட வரியைக் கழிப்பது ஆகிய நான்கும் வெளியாளிடம் போகும் முன்பே நடந்து முடிந்துவிடும்.

நேரம் நிறையக் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். அமீரகத்தில் சட்டம் 2017 ஆகஸ்டில் வந்தது, விதிகள் நவம்பர் இறுதியில்தான் வந்தன, ஜனவரி 1 அன்று வரி தொடங்கியது. விதிகள் வரும்வரை காத்திருந்தவருக்குக் கிடைத்தது ஐந்து வாரம். வாடிக்கையாளர் பிரிப்பு, ஒப்பந்தப் பட்டியல், சப்ளையர்களின் வரி எண் சேகரிப்பு ஆகிய மூன்றுக்கும் விதிகள் தேவையில்லை. சட்டம் வந்த அன்றே தொடங்கலாம்.

தொடங்கும் நாளுக்கு முந்தைய இரவு பழைய பில் வரிசையை மூடி, புதிய எண் வரிசையைத் திறங்கள். கையிருப்பை எண்ணிக் கையெழுத்திட்ட பட்டியலாக வையுங்கள். அனுப்பிவிட்டுப் பில் போடாத சரக்குகளையும், முன்பணம் வாங்கி அனுப்பாத ஆர்டர்களையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். முதல் ரிட்டர்னில் சந்தேகம் வருவது பெரும்பாலும் இந்த இரண்டு தாள்களிலும் இருக்கும் பரிவர்த்தனைகளில்தான். காலையில் கடை திறந்ததும் முதல் பத்து பில்லையும் கையால் சரிபாருங்கள்: வரி எண், வீதம், வரித்தொகை, தேதி. தவறு இருந்தால் அன்றே கிரெடிட் நோட் போட்டுத் திருத்துங்கள். அதே குறியீட்டுப் பிழையோடு ஒரு மாதம் ஓடிய பிறகு திருத்துவதற்கு ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் பழைய பில்லைத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும்.